சத்தமில்லாத பவர் சப்ளை: வன்னியில் இருந்து வந்த கேள்விகளும் என் பதில்களும்

கிளிநொச்சியில் பதினைந்து வருடமாகக் கொம்பியூட்டர் கட்டியும் திருத்தியும் வருகிறேன். சுவர்க் கரண்டை மெசினுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கிற பெட்டிதான் பவர் சப்ளை, இங்கே பெட்டி என்று நான் சொல்வது அதைத்தான். விலை கூடிய மெசினுக்கு எந்தப் பவர் சப்ளை போடலாம் என்று கேட்டவர்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கரடிப்போக்கு: அண்ணா, ஆர்டிஎக்ஸ் 5090 கிராஃபிக்ஸ் கார்ட், ரைசன் 9 9950எக்ஸ் ப்ரொசசர். 850 வாட் காணுமா? பக்கத்தில் மகள் படிக்கிறாள், சத்தம் வரக்கூடாது.

காணாது தம்பி. கார்ட் தனியே 575 வாட், ப்ரொசசர் முழு வேலையில் 230 வரை போகும். அதிலேயே 805 ஆகிவிட்டது, போர்டும் ஃபான்களும் இன்னும் இருக்கின்றன. அதோடு இந்தக் கார்ட்கள் கண் இமைக்கும் நேரத்தையும் விடக் குறைந்த பொழுதுக்குத் திடீரென்று கூட இழுக்கும், அதைத் தாங்கத்தான் ஏடிஎக்ஸ் 3.0, 3.1 என்ற விதிகள் வந்தன. 1200 வாட், ஏடிஎக்ஸ் 3.1 என்று எழுதியதை எடுங்கள்.

சத்தம் என்பது சூட்டின் கதை. மெசின் 700 வாட் கேட்கும்போது 90 வீதத் திறன் உள்ள பெட்டி சுவரில் இருந்து ஏறக்குறைய 778 வாட் இழுக்கும், மிச்ச 78 வாட்டும் அந்தப் பெட்டிக்குள்ளேயே சூடாகும். 94 வீதம் என்றால் 45 வாட்தான். ஃபான் மெதுவாகச் சுற்றுவது அதனால்தான். ஆனால் 80 பிளஸ் கோல்ட், பிளாட்டினம் எல்லாம் திறனுக்கான முத்திரைகள், சத்தத்தைப் பற்றி அவை ஒன்றும் சொல்லாது. அந்தச் சோதனையும் 23 பாகை அறையில் நடப்பது. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே உங்கள் அறை அப்படியா இருக்கும்? சத்தத்துக்குச் சைபனெடிக்ஸ் என்ற சோதனைக் கம்பனி தரும் லாம்டா தரத்தைப் பாருங்கள். ஏ பிளஸ் என்றால் 20 டெசிபலுக்குக் கீழே, இரவில் மகள் பக்கம் திருப்புவது கேட்கும், பெட்டி கேட்காது.

முல்லைத்தீவு: 5070 கார்டுக்கு 750 வாட் காணுமா?

காணும்.

மாங்குளம்: கேம் தொடங்கினால் "கீ" என்று ஒரு சத்தம். பவர் சப்ளை பழுதா?

அநேகமாகக் கார்டில் உள்ள சுருள்கள் அதிர்கிற சத்தம். பேப்பர் ஒன்றைக் குழலாகச் சுருட்டி ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையைக் கார்ட் பக்கமும் பெட்டிப் பக்கமும் மாறி மாறிக் காட்டுங்கள், ஃபானில் படாமல். எங்கிருந்து வருகிறது என்று உடனே தெரியும். செக்கனுக்கு எத்தனை படம் என்கிற ஃப்ரேம் ரேட்டை 60க்குக் கட்டுப்படுத்தினால் குறையும். ஆபத்து இல்லை.

புதுக்குடியிருப்பு: புதுப் பெட்டிக்குப் பழைய பெட்டியின் கேபிள்களையே போடலாமா? உள்ளே நல்ல வடிவாகக் கட்டி வைத்திருக்கிறேன்.

வேண்டாம் தங்கச்சி, வேண்டவே வேண்டாம். பெட்டிப் பக்கத்து முனையில் எந்தக் கம்பி எங்கே என்பதற்குப் பொது விதி கிடையாது, ஒரே கம்பனியின் இரண்டு மொடலுக்கு இடையிலும் மாறும். போன வருடம் ஒரு கல்யாணப் படப்பிடிப்புக்காரர் இப்படி மாற்றிப் போட்டு, 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 போய், இரண்டு ஹார்ட் டிஸ்க்கையும் கையில் கொண்டுவந்தார். ஒரு தம்பதியின் முழுக் கல்யாணமும் அதற்குள் இருந்தது.

வவுனியா: 650 விஏ யூபிஎஸ் இருக்கிறது. கரண்ட் போனால் மெசினும் சேர்ந்து நிற்கிறது.

விஏ வேறு, வாட் வேறு. 650 விஏ யூபிஎஸ்களில் பெரும்பாலானவை 400 வாட்டுக்கும் குறைவாகத்தான் தரும். மற்றது, மலிவான யூபிஎஸ் தருவது படிப்படியான அலை, இன்றைய பவர் சப்ளைகள் சில அதை ஏற்காமல் நின்றுவிடும். சுவர்க் கரண்டைப் போல வழுவழுப்பான சைன் அலை தருவதை, உங்கள் மெசினின் வாட்டுக்குமேல் பார்த்து எடுங்கள். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய காலத்தில் எனக்கு வந்த எரிந்த பெட்டிகளில் அதிகம் கரண்ட் போனபோது எரிந்தவை அல்ல, திரும்பி வந்தபோது எரிந்தவை. கரண்ட் வந்து ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். எர்த்தையும் பாருங்கள்.

பரந்தன், வயரிங் வேலை செய்பவர்: எர்த் எர்த் என்று பயமுறுத்தாதீர்கள். இருபது வருடமாக எர்த் இல்லாமல்தான் ஓட்டுகிறேன்.

அண்ணை, ஓடும். நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பெட்டிக்குள் இரைச்சலை வடிக்க இரண்டு சிறு கொண்டென்சர்கள் லைனில் இருந்தும் நியூட்ரலில் இருந்தும் மெசினின் உலோகக் கூட்டுக்கு, அதாவது கேஸுக்குப் போகின்றன. எர்த் இல்லாவிட்டால் கேஸ் 230இல் பாதியில் நிற்கும். வெறும் காலோடு புறங்கையால் கேஸைத் தடவினால் சுர் என்று வருகிறதே, அது அதுதான். கரண்ட் கொஞ்சம் என்பதால் தப்புகிறோம். உள்ளே ஒரு கம்பி உரிந்து கேஸில் பட்டால் அந்தக் கொஞ்சம் இருக்காது.

பரந்தன்: ஆவணியில் மண் காய்ந்து கல்லாகிறது. எர்த் ரொட் அடித்து என்ன பயன்? மின்னலும் அந்த வழியாகத்தானே வரும்?

காய்ந்த மண்ணில் தடை ஏறும், சரி. அதனால்தான் ஆழமாக, கிணற்றடியில் தண்ணீர் ஓடி எப்போதும் ஈரம் இருக்கிற பக்கம் அடிக்கச் சொல்கிறேன், கூடவே ட்ரிப் சுவிட்சும். மின்னலுக்கு எந்தப் பெட்டியும் ஈடு இல்லை. சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் இடி கேட்கத் தொடங்குமுன் பிளக்கைக் கழற்றுங்கள், ரவுட்டரில் இருந்து வரும் கேபிளையும் சேர்த்து.

நெடுங்கேணி, ஒட்டுசுட்டான், இன்னும் நான்கு பேர்: எனக்கு எத்தனை வாட்?

முதல் பதிலை வாசியுங்கள். கார்ட், ப்ரொசசர் இரண்டின் உச்சத்தையும் கூட்டி, 100 சேர்த்து, அதற்குமேல் மூன்றில் ஒரு பங்கு. இனி இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

முழங்காவில்: ஃபானுக்கு எண்ணெய் விடப் பெட்டியைத் திறக்கலாமா?

கூடாது. பிளக் கழற்றிய பிறகும் உள்ளே உள்ள பெரிய கொண்டென்சரில் 400 வோல்ட் அளவு நிற்கலாம். ஃபான் சுற்றாமல் ஒரு ஈர்க்குக் குச்சியால் பிடித்துக்கொண்டு வெளியில் இருந்து தூசியை ஊதுங்கள், காணும்.

பரந்தன்: கேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் அளந்தேன். 112 வோல்ட். மழை வந்து மண் இளகட்டும், அடிக்கிறேன்.

அளந்ததற்கு நன்றி அண்ணை. மழை வரும்போதுதான் மின்னலும் வரும். இந்தக் கிழமையே கிணற்றடியில் அடியுங்கள், தேவையென்றால் நானும் வந்து பிடிக்கிறேன்.