‘ஹெர்2: 2+’ என்றால் என்ன?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 58. மார்பகக் கட்டியில் பயாப்ஸி எடுத்துப் புற்றுநோய் என்றார்கள். ஐஹெச்சி பரிசோதனையில் ‘ஹெர்2: 2+’ என்று வந்திருக்கிறது, அடுத்து ஃபிஷ் பரிசோதனை வேண்டுமாம். திசுவிலுள்ள புரதங்களை வரைபடமாகவே எடுக்கும் புதிய முறை வந்திருப்பதாகப் படித்தேன். நேரடியாக அதையே செய்துவிடலாமா?

பதில்: வேண்டாம். ஃபிஷ் கேட்டது சரிதான், தள்ளிப்போடாமல் செய்துவிடுங்கள்.

ஐஹெச்சியும் ஒருவகை வரைபடம்தான். மெழுகுக் கட்டையில் பதித்த சதையை மெல்லிசாகச் சீவி, ஒரு குறிப்பிட்ட புரதத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடியைச் சேர்ப்பார்கள். புரதம் இருக்கும் இடம் பழுப்பாகும். ஹெர்2 என்பது செல்லை வளரச் சொல்லும் ஒரு புரதம். அது செல்லின் வெளிச்சவ்வில் இருப்பதால் அங்கேதான் நிறம் ஏற வேண்டும். வேறு இடத்தில் ஏறினால் கணக்கில் வராது. 10 சதவீதத்துக்கு மேற்பட்ட புற்றுச் செல்களில் சவ்வு முழுக்க அடர்த்தியாக ஏறியிருந்தால் 3+, அதாவது பாசிட்டிவ். 2+ இரண்டும்கெட்டான். அதனால்தான் அந்தப் புரதத்தை உருவாக்கும் ஹெர்2 மரபணுவின் நகல்கள் பெருகியிருக்கின்றனவா என்று ஃபிஷ்ஷில் பார்க்கிறார்கள். பெருகியிருந்தால் ஹெர்2வைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் போன்ற மருந்துகள் பலன் தர வாய்ப்புண்டு.

நீங்கள் படித்த புதிய முறைகளில் ஒரே சீவலில் 40 புரதங்கள்வரை பார்க்கலாம். அப்போது எந்தச் செல் எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதும் தெரியும். நோயெதிர்ப்பு டி செல்கள் கட்டிக்குள் நுழைந்துவிட்டனவா, ஊர் எல்லையில் நிற்கும் போலீஸ் மாதிரி விளிம்பிலேயே நிற்கின்றனவா? சதையை அரைத்து அளந்தால் இரண்டுக்கும் ஒரே விடைதான் வரும். பெருங்குடல் புற்றுநோயில் இந்த வேறுபாடு நோயின் போக்கையே காட்டும் என்று பாரிஸில் ஜெரோம் காலோன் குழுவினர் 2006இல் காட்டினார்கள். அவர்கள் பார்த்தது டி செல்களின் சில அடையாளங்களைத்தான், ஆனால் கட்டியின் நடுவிலும் விளிம்பிலும் தனித்தனியாக எண்ணினார்கள். எனக்கு இந்தத் துறையில் பெரிய நம்பிக்கை உண்டு.

ஆனால் 40 புரத வரைபடம் இன்றைக்கு ஆராய்ச்சிக்கானது. அதை வைத்து அம்மாவின் மருந்தை யாரும் மாற்றப்போவதில்லை. அதற்குக் காசு கேட்டால், “இதன் முடிவால் சிகிச்சை மாறுமா டாக்டர்?” என்று கேட்டுவிடுங்கள்.

அப்புறம், அறுவை சிகிச்சையில் எடுக்கும் கட்டியை லேபுக்குக் கொண்டுபோகும் வேலை சில ஊர்களில் உறவினர் தலையில்தான் விழும். டப்பாவில் இருப்பது சலைன் (உப்புநீர்) அல்ல, சதையைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின்தான் என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் போடாவிட்டால் புரதங்கள் சிதையத் தொடங்கும். ஐஹெச்சி தவறாக நெகட்டிவ் காட்டிவிடலாம்.