வீட்டில் அலங்கார மீன் வளர்த்து விற்றுப் பிழைக்க முடியுமா?

தம்பி கேட்டிருப்பது இதுதான்: வேலை போய்விட்டது, கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது, மாடியில் தொட்டி வைத்து மீன் குஞ்சு எடுத்து விற்கலாமா, எந்த மீனில் லாபம் அதிகம்? ஊரைச் சொல்லவில்லை. ஆனால் "கரண்ட் இருக்கும் நேரத்தில்" என்று எழுதியிருப்பதால் நீங்களும் என்னைப் போல பர்மாவில், யாங்கோனில்தான் இருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

பிழைக்க முடியும். நான் பிழைத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் எந்த மீனில் லாபம் என்ற கேள்வியிலிருந்து தொடங்காதீர்கள். எட்டு மணி நேரம் கரண்ட் இல்லாவிட்டாலும் எந்த மீன் உயிரோடு இருக்கும் என்பதுதான் முதல் கேள்வி. இதைக் கற்றுக்கொள்ள எனக்கு முப்பத்தொரு மீன் செத்தது. அதனால்தான் வேலையெல்லாம் போட்டுவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

2020ல் கொரோனா வந்தபோது எனக்குத் தையல் வேலை நின்றுவிட்டது. வீட்டுக்காரர் கப்பலில் வேலை பார்ப்பவர். ஒப்பந்தம் முடிந்து வந்தவரால் திரும்பிப் போக முடியவில்லை. பக்கத்து வீட்டு பர்மிய அம்மா கொசுப்புழு தின்னட்டும் என்று தண்ணீர்ப் பானையில் கப்பி என்ற சின்ன மீனை விட்டிருந்தார். அதில் இரண்டு ஜோடி கொடுத்தார். மீன் சந்தையில் ஐஸ் போட்டு வரும் தெர்மாகோல் பெட்டிகளைக் கழுவி வைத்து அதில் வளர்த்தேன். கண்ணாடித் தொட்டியைவிட அது நல்லது. வெயிலில் தண்ணீர் சீக்கிரம் சுடாது, விலையும் குறைவு.

அது நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. 2022ல் ஆசை வந்தது. கேலக்ஸி ரஸ்போரா என்று ஒரு மீன். நம் நாட்டு மீன், தம்பி. ஷான் மாநிலத்தில் இன்லே ஏரிக்குக் கிழக்கே, ஹோபோங் பக்கத்துக் குட்டைகளில் 2006ல்தான் வெளியுலகம் அதைப் பார்த்தது. மறு வருடம் டைசன் ராபர்ட்ஸ் என்ற ஆய்வாளர் அதற்கு அறிவியல் பெயர் வைத்தார். இரண்டு சென்டிமீட்டர்தான் இருக்கும். கருநீல உடம்பெல்லாம் முத்துப் புள்ளி, துடுப்பில் சிவப்புக் கோடு. ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் ஆசை ஆசையாக வளர்க்கிறார்கள், நம் மண்ணில் பிறந்ததை நாம் ஏன் வளர்த்து விற்கக் கூடாது என்று தோன்றியது. ஒரு கடைக்காரர், குஞ்சு எடுத்தால் எல்லாவற்றையும் தானே வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். ஷான் மாநிலத் தலைநகர் தௌங்ஜி பக்கமிருந்து வந்த ஒருவரிடம் நாற்பது வாங்கினேன்.

குளிர்காலத்தில் முட்டையும் இட்டன. ஒரே நாளில் கொட்டாது. பாசிக்குள் தினமும் ஒன்றிரண்டாக இடும், விட்டால் அதுவே தின்றுவிடும். அதனால் பாசியை மட்டும் எடுத்து வேறு பெட்டியில் போட்டேன். மூன்று நான்கு நாளில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குஞ்சு பொரித்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் பெட்டிச் சுவரில் சிறு முடித் துண்டுகள் ஒட்டியிருப்பது போல இருக்கும். அதைப் பார்த்து நான் அழுதிருக்கிறேன்.

நான் யோசிக்காத விஷயம் ஒன்று இருந்தது. அது கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் உயரத்தில், குளிர்ந்த ஆழமில்லாத தண்ணீரில் வாழும் மீன். இருபத்து மூன்று, இருபத்து நான்கு டிகிரியில் சுகமாக இருப்பது. என் வீடு தகரக் கூரைக்கு அடியில் மேல் மாடி. ஏப்ரலில் வரும் பர்மியப் புத்தாண்டான திஞ்ஜானுக்கு இரண்டு நாள் முன்பு ராத்திரி கரண்ட் போனது, விடியும்வரை வரவில்லை. காலையில் பார்த்தால் எல்லா மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. தண்ணீர் முப்பத்து மூன்று டிகிரி. பதறிப்போய் ஐஸ் கட்டியை அப்படியே கொட்டினேன். அதுவும் தப்பு, திடீரென்று குளிர்ந்தால் இன்னும் மோசம். சாயங்காலத்துக்குள் முப்பத்தொன்று போய்விட்டது. குஞ்சு ஒன்றும் மிஞ்சவில்லை. மீதி ஒன்பதையாவது எடுத்துக்கொள்ளச் சொல்லி அந்தக் கடைக்காரரிடம் போனேன். பண்ணை மீன் மலிவாக வருகிறது, வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

என்ன நடந்தது என்று அப்புறம்தான் புரிந்தது. சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவாகத்தான் நிற்கும். ஏர் பம்ப் நின்றதும் அதுவும் தீர்ந்துபோகும். மீன் கழிவின் நச்சைச் சுத்தம் செய்யும் நுண்ணுயிர்கள் பில்டர் ஸ்பாஞ்சில்தான் குடியிருக்கின்றன, அவற்றுக்கும் காற்று வேண்டும். பல மணி நேரம் நின்ற பில்டரை அப்படியே திரும்பப் போட்டால் உள்ளே அழுகியது எல்லாம் தொட்டிக்குள் வரும். நீண்ட நேரம் கரண்ட் போனால் ஸ்பாஞ்சை வெளியே எடுத்து, தொட்டித் தண்ணீரிலேயே அலசிவிட்டுத்தான் மறுபடி வைக்க வேண்டும்.

பேட்டரியும் இன்வெர்ட்டரும் வைத்தால் போதாதா என்று சிலர் கேட்பீர்கள். வசதி இருந்தால் வையுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் சொல்வது வேலை இழந்தவருக்கு. ஜெனரேட்டர் உள்ளவர்களின் கணக்கு வேறு.

சரி, எந்த மீன்? பைட்டரும் கப்பியும். பைட்டர் என்பது ஆண்கள் ஒன்றோடொன்று சண்டை போடும் பெட்டா மீன். அது தண்ணீருக்கு மேலே வந்து காற்றை நேரடியாகக் குடிக்கும், அதற்கு ஏர் பம்ப் தேவையே இல்லை. ஆண் மீன் எச்சில் நுரையால் கூடு கட்டும், முட்டையை அதில் கொண்டுபோய் வைக்கும். பெண்ணை உடனே எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஆண் கடித்தே கொன்றுவிடும். ஒன்றிரண்டு நாளில் குஞ்சு வால் கீழே தொங்கும்படி நுரையில் ஒட்டியிருக்கும். ஒன்று நழுவி விழுந்தால் அப்பா மீன் கீழே பாய்ந்து வாயில் கவ்வி, மேலே வந்து கூட்டில் துப்பும். விடிய விடிய அதே வேலை. குஞ்சுகள் படுக்கைவாட்டில் நீந்த ஆரம்பித்ததும் அப்பாவையும் எடுத்துவிட வேண்டும். ஒரு எச்சரிக்கை: வளர்ந்த ஆண்களைத் தனித்தனி பாட்டிலில்தான் வைக்க வேண்டும். அறுபது ஆண் என்றால் அறுபது பாட்டில் தண்ணீர் மாற்றுவது. இடுப்பு ஒடியும்.

கப்பி ஒரு மாதத்துக்கு ஒரு தடவை முப்பது நாற்பது குட்டி போடும். விலை போவது வண்ணமுள்ள ஆண்தான். அது விற்கும் அளவுக்கு வர மூன்று நான்கு மாதம் ஆகும். ஆக, முதல் நான்கு மாதம் காசு வராது என்று வைத்துக்கொண்டே இறங்குங்கள். ஒருமுறை ஆணோடு கூடிய பெண் அதன் விந்தை உள்ளே வைத்துக்கொண்டு பல மாதம் குட்டி போடும். ஆகவே வகை கலக்காமல் இருக்க, மூன்று நான்கு வாரத்திலேயே பிரிக்க வேண்டும். வயிற்றுக்கு அடியில் இருக்கும் துடுப்பைப் பாருங்கள்: ஆணுக்கு ஊசி போலக் கூர்மையாகும், பெண்ணுக்கு விசிறியாகவே இருக்கும். இப்படி மூன்று வருடம் பிரித்துப் பிரித்துத்தான் என் கறுப்பு வால் கப்பியை நிலைக்க வைத்தேன். இன்று மாத அரிசியும் மகளின் டியூஷன் காசும் அதிலிருந்துதான் வருகின்றன. அதற்கு மேல் வரும் என்று சொன்னால் அது பொய்.

குஞ்சுத் தீனிக்கு இறக்குமதி ஆர்ட்டீமியா (உப்புநீரில் பொரிக்கும் பொடி இறால்) டப்பாவைப் பார்த்து மலைக்க வேண்டாம். ஓட்ஸ் கஞ்சியில் மைக்ரோ புழு என்ற பொடிப் புழு வளரும், கரண்ட் வேண்டாம். முட்டை மஞ்சள் கரு போடச் சொல்வார்கள், போடாதீர்கள், தண்ணீர் கெட்டுவிடும். மழைக்காலத்தில் வெறும் மழைத் தண்ணீரில் கப்பியை விடாதீர்கள். அதற்குக் கொஞ்சம் சுண்ணாம்புச் சத்துள்ள தண்ணீர் வேண்டும், இல்லாவிட்டால் துடுப்பைச் சுருக்கிக்கொண்டு ஆடும்.

உயிரை விற்றுச் சாப்பிடுவது பாவம் என்று கருத்துப் போட வருபவர்களுக்கு: நான் ஒவ்வொரு பெட்டிக்கும் தினமும் குனிகிறேன். அவ்வளவுதான் சொல்ல முடியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். நான் எழுதும் ஒவ்வொரு பதிலுக்கும் கீழே யாராவது "பர்மாவில் இருந்துகொண்டு இவ்வளவு நல்ல தமிழா?" என்று கேட்கிறார்கள். பாராட்டுதான் என்று தெரியும், ஆனாலும் வலிக்கிறது. 1965ல் இங்கே தனியார் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்டபோது எங்கள் அப்பா படித்த தமிழ்ப் பள்ளியும் போனது. அப்புறம் கோயில் திண்ணையிலும் வீட்டுத் தரையிலும் உட்கார்ந்துதான் எங்களுக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்தார்கள். இது எங்கள் மொழி. இங்கே தினமும் இதில்தான் பேசுகிறோம், சண்டை போடுகிறோம், மீனுக்குப் பெயர் வைக்கிறோம்.

தம்பி, ஒரு ஜோடி வாங்குவதற்கு முன்னால் உங்கள் பேட்டையில் மூன்று மீன் கடைக்குப் போங்கள். வாரத்துக்கு எத்தனை பைட்டர் எடுப்பார்கள், கப்பி எந்த அளவில் வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லை நம்பாதீர்கள், முன்பணமாகக் கொஞ்சம் கேட்டுப் பாருங்கள். அவர்கள் சொன்னதை இங்கே கீழே போடுங்கள். கறுப்பு வால் கப்பியில் இன்னும் ஆணோடு கூடாத பெண் மீன்களைப் பிரித்து வைத்திருக்கிறேன், ஆறு தருகிறேன். அதற்குக் காசு வேண்டாம், தெர்மாகோல் பெட்டி மட்டும் கொண்டுவாருங்கள்.