கூப்பிட்ட வீட்டுக்குப் போனோம்

"கால்பந்து ரசிகர்கள் சொந்த ஊர் அணியை விட்டுவிட்டு, எங்கோ இருக்கும் பெரிய கிளப்புகளை ஆதரிப்பது ஏன்?" என்பது கேள்வி.

நான் பெங்களூரு அல்சூரில், கௌதமபுரத்தில் பிறந்து வளர்ந்தவன். இருபது வருடங்களாக இங்கிலாந்தின் லிவர்பூல் கிளப்பின் ரசிகன். லிவர்பூல் நகரத்தை நான் பார்த்ததில்லை. என் வீட்டு வாசலிலிருந்து மூன்று நிமிடம் நடந்தால் கால்பந்து மைதானம். ஆகவே இது என்னைக் கேட்ட கேள்வி என்றே எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காவிட்டால் பக்கத்து வீட்டுப் பங்காளிகூடக் கல்யாணத்துக்கு வரமாட்டான். முறையாக அழைத்தால் எந்த ஊரிலிருந்தும் வந்து பந்தியில் உட்காருவான். தூரத்து கிளப் எங்களை வாராவாரம், நாளும் நேரமும் குறித்து அழைத்தது. உள்ளூர் அணிகள் அழைக்கவில்லை. ஆட்டத்தின் தரம், பணம், நட்சத்திர வீரர்கள், வீடியோ கேம் எல்லாம் காரணங்கள்தான், மறுக்கவில்லை. அவற்றைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். என் அனுபவத்தில் அவை இரண்டாம் பட்சம்.

தூரத்து அணிமேல் வரும் ஆசை தொலைக்காட்சியால் வந்த புது வழக்கம் என்று சொல்பவர்கள் ஒருமுறை கௌதமபுரத்துக்கு வர வேண்டும். அம்பேத்கர், புத்தர், அன்னை தெரசா சிலைகளோடு பெலேவுக்கும் சிலை வைத்திருக்கும் பகுதி இது. உலகக் கோப்பை வந்தால் தெருவெல்லாம் மஞ்சளும் பச்சையுமாகிவிடும். 2022 டிசம்பர் 29-ல் பெலே இறந்தார்; மறுநாள், சொந்தத்தில் ஒரு பெரியவர் போய்விட்டதுபோல் எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. பிரேசில் எங்கே இருக்கிறது என்று என் பாட்டிக்குத் தெரியாது. பெலே யார் என்று தெரியும்.

தாத்தாவின் அணி மோகன் பகான். கொல்கத்தா இங்கிருந்து 1,500 கிலோமீட்டருக்கு அப்பால். ஆனால் அருமைநாயகம் அங்கே ஆடினார். பெங்களூருத் தமிழர், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் இருந்தவர். அவருக்கும் முன்பு, 1948, 1952 ஒலிம்பிக் போட்டிகளில் ஆடிய அகமது கானும் இந்த ஊரிலிருந்து கொல்கத்தாவின் இன்னொரு அணியான ஈஸ்ட் பெங்காலுக்குப் போனவர்தான். பின்னால் ஆஸ்டின் டவுன் பையன் கார்ல்டன் சாப்மன் அதே ஈஸ்ட் பெங்காலுக்குப் போய், 1993-ல் ஆசிய கோப்பை வென்றோர் போட்டியில் ஈராக்கின் அல் சவ்ரா அணிக்கு எதிராக மூன்று கோல் அடித்தார். அன்றைக்கு எங்கள் தெருவுக்கு ஈஸ்ட் பெங்கால் தூரத்து அணியா? நம் பிள்ளை வாழப்போன வீடு அது. தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்க முடியாது என்று நான் நினைப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

அப்பாவின் அணி வேறு. அவர் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் லேத் ஓட்டியவர். அந்த நாட்களில் பெங்களூருவின் பெரிய அணிகளில் பல, எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ. போன்ற தொழிற்சாலை அணிகள், அவற்றோடு எம்.இ.ஜி., ஏ.எஸ்.சி. என்று ராணுவ அணிகள். அப்பாவின் தொழிற்சாலை அணியில் இடது ஓரத்தில் ஆடியவர், அப்பாவின் ஷெட்டிலேயே இரண்டு மெஷின் தள்ளி வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை கோல் வாய்க்கு முன்னால் பந்தை வானத்துக்கு அடித்தவரிடம், திங்கட்கிழமை கேன்டீனில் தோசையோடு போய் உட்கார்ந்து ஏன் அப்படி அடித்தாய் என்று அப்பா கேட்க முடிந்தது. அவரும் பதில் சொல்லியாக வேண்டும். ஆட்டம் என்றைக்கு என்பதை அப்பாவுக்கு நோட்டீஸ் பலகையும் சக தொழிலாளியும் சொல்லிவிடுவார்கள். அழைப்பு அங்கே தானாகவே நடந்துகொண்டிருந்தது.

பிறகு விளையாட்டு வீரர்களை வேலைக்கு எடுப்பது குறைந்தது. பழைய வீரர்கள் ஓய்வு பெற்றார்கள். அப்பாவும் ஓய்வு பெற்றார். அந்த அணிக்கு அடுத்த தலைமுறையில் யார் ரசிகனாவது? நான் அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்க்கவில்லை. அந்த கேன்டீனும் என்னுடையதில்லை.

என்னை லிவர்பூல் அழைத்துக்கொண்ட இரவைச் சொல்கிறேன். 2005 மே 25, இஸ்தான்புல்லில் ஐரோப்பிய கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம். எங்கள் கணக்கில் நள்ளிரவு பன்னிரண்டே கால். ஒற்றை அறை வீடு. அம்மாவும் தங்கையும் சுவரோரம் படுத்திருந்தார்கள். டிவியின் ஒலியை முழுவதும் அடக்கிவிட்டு, வெளிச்சம் அவர்கள் முகத்தில் விழாமல் பக்கவாட்டில் ஒரு போர்வையைத் தொங்கவிட்டு, தரையில் உட்கார்ந்து பார்த்தேன். இடைவேளைக்குள் ஏசி மிலான் மூன்று கோல் போட்டுவிட்டது. அப்பா ஒருமுறை புரண்டு படுத்து, "எத்தனைக்கு எத்தனை?" என்றார். சொன்னேன். "மூன்று வாங்கிய பிறகு என்ன இருக்கிறது, அணைத்துவிட்டுப் படு" என்றார். அவருக்குக் காலை முதல் ஷிஃப்ட்.

அணைக்க மனம் வரவில்லை. 54-ஆவது நிமிடத்தில் லிவர்பூலின் ஜெரார்டு தலையால் ஒன்று. 56-ல் ஸ்மிட்சர் தூரத்திலிருந்து ஒன்று. 60-ல் அலோன்சோவின் பெனால்டியை கோல்கீப்பர் தடுக்க, திரும்பி வந்த பந்தை அவரே உள்ளே தள்ளினார். நான் தலையணையை வாயில் வைத்துக் கத்தினேன். அப்பா எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவர் படுக்கவில்லை. கூடுதல் நேரத்தின் கடைசியில் மிலானின் ஷெவ்சென்கோ இரண்டு கை தூரத்திலிருந்து அடித்ததை லிவர்பூல் கோல்கீப்பர் டூடெக் தட்டிவிட்டபோது, அப்பா என் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, தன் தொழிற்சாலை அணியின் கோல்கீப்பர் ஒருவர் இப்படித்தான் விழுந்து கிடந்தபடியே ஒரு பந்தைத் தடுத்தார் என்று சொல்ல ஆரம்பித்தார். பெனால்டியில் லிவர்பூல் வென்றபோது மணி மூன்று இருக்கும். அப்பா அந்தக் கதையை முடித்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு நேராக ஷிஃப்டுக்குப் புறப்பட்டார்.

அந்த இரவுக்குப் பிறகு நான் லிவர்பூல் ரசிகன் என்று சொன்னால், அது பொய்யான பற்று, இரவல் பற்று என்று யாராவது சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. என் அப்பாவின் கை என் முழங்காலில் இருந்த இரவு அது. அதில் இரவல் எதுவும் இல்லை.

இங்கே ஒரு தகவலைச் சொல்ல வேண்டும். என் யோசனையை அது மிகவும் மாற்றியது. பிரிட்டனில் சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை கால்பந்து ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் நேரலையாகக் காட்டுவதில்லை. 1960-களில் வந்த ஏற்பாடு. பெரிய அணிகளின் ஆட்டத்தை வீட்டிலேயே பார்க்கக் கிடைத்தால், சின்ன ஊர்களின் சின்ன அணிகளுக்கு மைதானத்தில் ஆள் வராது என்ற கவலைதான் காரணம். அந்த இடைவெளியில் அங்கே மூன்று மணிக்குத் தொடங்கும் ஆட்டம் குளிர்காலத்தில் நமக்கு இரவு எட்டரை. இங்கிலாந்துக்காரர் தன் வீட்டில் பார்க்க முடியாத ஆட்டத்தை நான் அல்சூரில் இரவுச் சாப்பாட்டோடு பார்க்கிறேன். தங்கள் உள்ளூர் அணிகளைக் காப்பாற்ற அவர்கள் வேலி போட்டிருக்கிறார்கள். நம் உள்ளூர் அணிகளுக்கு அப்படி வேலி போட யாரும் இல்லை. நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. தன் தோட்டத்துக்கு வேலி போடுவது அவரவர் பொறுப்பு.

நம் பக்கம் என்ன நடந்தது? கல்லூரி நாட்களில் ஒருமுறை நண்பர்கள் மூவரோடு உள்ளூர் லீக் ஆட்டம் பார்க்கப் போனேன். வேலைநாள், வெயில் கொளுத்தும் பிற்பகல். இரண்டு பஸ் மாறிப் போனோம். கேட் பூட்டியிருந்தது. ஆட்டம் நேற்றே முடிந்துவிட்டது என்றார் காவலாளி. தேதி மாறியதை எங்கேயும் ஒட்டி வைக்கவில்லை. மூவரில் இருவர் அதற்குப் பிறகு உள்ளூர் ஆட்டம் பக்கம் திரும்பவே இல்லை.

நாள் மாறுவதையாவது பொறுத்துக்கொள்ளலாம், அணியே காணாமல் போனால்? மும்பையின் மஹிந்திரா யுனைடெட் 2010-ல் மூடப்பட்டது. பஞ்சாபின் ஜேசிடி 2011-ல். புனே சிட்டி 2019-ல் இல்லாமல் போனது. அதே வருடம் டெல்லி டைனமோஸ் ஊரையும் பெயரையும் மாற்றிக்கொண்டு புவனேஸ்வரத்தில் ஒடிசா எஃப்சி ஆனது. மகனுக்கு டைனமோஸ் ஜெர்சி வாங்கித் தந்த ஒரு டெல்லித் தகப்பனை நினைத்துப் பார்க்கிறேன். லிவர்பூல் 1892 முதல் அதே ஆன்ஃபீல்டு மைதானத்தில் ஆடுகிறது. நாளைக்கும் இருக்கும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் ஒரு சிறுவன் தன் மனதைக் கொடுப்பான். அந்த நம்பிக்கையைத் தூரத்து கிளப் தருகிறது, பக்கத்து அணி தரவில்லை என்றால் தப்பு சிறுவனுடையதா?

எங்கள் ஊருக்கு 2013-ல் பெங்களூரு எஃப்சி வந்தது. முதல் சீசனிலேயே, அன்றைய தேசிய லீக்கான ஐ-லீக் கோப்பை. சில மாதங்களில் மாறிப்போகும் அணிகளைப் பார்த்துப் பழகியவர்கள் நாங்கள், கொஞ்சம் தள்ளியே நின்றோம். ஆனால் அவர்கள் அழைத்தார்கள். எப்போது ஆட்டம் என்று தெளிவாகத் தெரிந்தது, டிக்கெட் கிடைத்தது. ஆட்டம் முடிந்ததும் வீரர்கள் கண்டீரவா மைதானத்தின் மேற்கு கேலரிக்கு முன்னால் வந்து நின்று கைதட்டினார்கள். அந்த கேலரியில் வெஸ்ட் பிளாக் ப்ளூஸ் என்ற ரசிகர் கூட்டம் தொண்ணூறு நிமிடமும் உட்காராமல் பாடியது.

2016 அக்டோபர் 19-ஐ நான் மறக்க மாட்டேன். ஆசிய கிளப்புகளுக்கான ஏஎஃப்சி கோப்பை அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம், முந்தைய வருடச் சாம்பியனான மலேசியாவின் ஜோகூர் அணியோடு. முதல் கோல் அவர்களுடையது. எங்கள் அணித் தலைவர் சுனில் சேத்ரி தலையால் ஒன்று போட்டுச் சமன் செய்தார். பிறகு இரண்டாம் பாதியில் தொலைவிலிருந்து ஒன்று அடித்தார். பந்து அவர் காலை விட்டுக் கிளம்பியபோதே என் பக்கத்தில் நின்ற, முன்பின் தெரியாத ஒரு கன்னடப் பெரியவர் என் தோளைப் பிடித்துவிட்டார். வலைக்குள் போன சத்தம் கேட்டதா என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் கான்கிரீட் படி காலுக்கடியில் அதிர்ந்தது உண்மை. பின்னர் இன்னொரு கோலும் விழ, 3-1. இந்திய கிளப் ஒன்று அந்தக் கோப்பையின் இறுதிக்குப் போனது அதுவே முதல் முறை. தோகாவில் இறுதி ஆட்டத்தில் ஒரே ஒரு கோலில் தோற்றோம். இஸ்தான்புல் என்னை மகிழ வைத்தது. தோகா தோல்வியோ எனக்கு வலித்தது. லிவர்பூல் தோற்றால் வருத்தப்படுவேன், அப்படி வலித்ததில்லை.

இந்திய அணிக்கும் தலைவராக இருந்த சேத்ரியிடமிருந்து இன்னொரு பாடம். 2018 ஜூன் 1-ல் மும்பையில் இந்தியா சீனத் தைபேயை ஐந்து கோலில் வென்றது. பார்க்க வந்தவர்கள் 2,569 பேர். மறுநாள் அவர் ஒரு காணொளியில் பேசினார். ஐரோப்பிய கிளப்புகளின் ரசிகர்களை நேரடியாகவே அழைத்தார். நாங்கள் அந்தத் தரத்தில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். திட்டுங்கள், விமர்சியுங்கள், ஆனால் மைதானத்துக்கு வந்து செய்யுங்கள் என்பதுதான் சாரம். கென்யாவோடு நடந்த அடுத்த ஆட்டம் அவருடைய நூறாவது. டிக்கெட் அத்தனையும் விற்றுத் தீர்ந்தது. இரண்டு நாளில் ஊர் மாறிவிடவில்லை, அணியின் தரமும் உயர்ந்துவிடவில்லை. ஒருவர் வாய் திறந்து அழைத்தார், வந்தார்கள்.

இன்னும் ஒன்று. 2016 பிப்ரவரியில் லிவர்பூல் ரசிகர்கள், மிக விலை கூடிய டிக்கெட்டை 77 பவுண்டுக்கு உயர்த்தும் திட்டத்தை எதிர்த்து, சந்தர்லாந்து ஆட்டத்தின் 77-ஆவது நிமிடத்தில் ஆயிரக்கணக்கில் எழுந்து வெளியே போனார்கள். சில நாட்களில் கிளப் பின்வாங்கியது. அதைப் படித்தபோது பெருமையாகவும் இருந்தது, ஏக்கமாகவும் இருந்தது. நான் எழுந்து போனால் அங்கே யாருக்குத் தெரியும்? என் அணி என்கிறேன், ஆனால் அங்கே எனக்கு ஒரு குரல் இல்லை. அப்பா கேன்டீனில் கேட்டாரே, அந்தக் கேள்வியைக் கேட்கும் இடம் எனக்குக் கண்டீரவாவில்தான் கிடைக்கிறது.

இரண்டையும் வைத்துக்கொள்ள முடியாதா என்றால், முடியும், நான் வைத்திருக்கிறேன். 2025 ஜூலையில், பெங்களூரு எஃப்சி ஆடும் இந்தியன் சூப்பர் லீக்கையே நிறுத்தி வைத்தார்கள் என்ற செய்தி வந்த அன்று, பத்து வயதாகும் என் தங்கை மகன், "மாமா, பெங்களூரு இனிமேல் ஆடாதா?" என்று கேட்டான். லிவர்பூலைப் பற்றி அவன் அப்படி ஒருநாளும் கேட்டதில்லை.

கடந்த சில வருடங்களாக எங்கள் தெருமுனை டீக்கடைப் பலகையில், போண்டா விலைக்குக் கீழே, கண்டீரவாவில் அடுத்த ஆட்டம் என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று சாக்பீஸால் எழுதி வைக்கிறேன். ஹலசூரு மெட்ரோவில் ஏறினால் கப்பன் பார்க் நான்காவது ஸ்டேஷன்கூட இல்லை, மூன்றாவது. முதல் முறை நானும் தங்கை மகனும் மட்டும் போனோம். கடைசியாகப் போனபோது பதினொரு பையன்கள். அதில் நான்கு பேர் மான்செஸ்டர் சிட்டி ஜெர்சி, இரண்டு பேர் லிவர்பூல். யாரையும் மாற்றிக்கொண்டு வரச் சொல்லவில்லை. திரும்பி வரும்போது நடுக்கள வீரர் ஒருவர் பந்தைப் பின்னாலேயே தள்ளிக்கொண்டிருந்தது பற்றிப் பெரிய சண்டை. அடுத்த ஆட்டத்தில் கேலரிக்கு முன்னால் அவர் வரும்போது நேரிலேயே கேட்டுவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.