அண்ணனுக்குக் காது கேட்காது. மகளைத் தம்பி மகனுக்குக் கொடுக்கலாமா?

உசிலம்பட்டி வாசகி ஒருவர் கேட்கிறார்: "என் அம்மா தன் தாய்மாமனையே மணந்தவர். என் அண்ணனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. எனக்கும் தம்பிக்கும் குறையில்லை. என் மகளைத் தம்பி மகனுக்குக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?"

உங்கள் குடும்பத்தை ஒரு தாளில் வரைந்து பார்த்தேன். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், குறையுள்ளவருக்குக் கறுப்பு, சொந்தத்தில் மணந்தவர்களுக்கு நடுவே இரட்டைக் கோடு என்பது இவ்வகைப் படத்தின் வழக்கம். உங்கள் பெற்றோர் நடுவே இரட்டைக் கோடு விழுகிறது. காது கேட்கும் அந்த இருவருக்குக் கேளாத பிள்ளை பிறந்திருப்பதால், இது ஒடுங்கு பண்பாக, அதாவது பெற்றோரிடம் வெளித்தெரியாமல் மறைந்திருந்து பிள்ளையிடம் வெளிப்படும் பண்பாக இறங்கியிருக்கலாம் என்றே ஊகிக்கிறேன்.

இவ்வகை மரபணு தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு படிகளாக வருகிறது. ஒன்று பழுதானாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும்; இரண்டும் பழுதானால்தான் காது கேட்காது. மரபியலின் முன்னோடியான மெண்டல் 1866-இல் பட்டாணிச் செடிகளைக் கொண்டு வெளியிட்ட கணக்கு இதற்கும் பொருந்தும். அதன்படி, காது கேட்கும் உங்களிடமும் தம்பியிடமும் பழுதான படி ஒன்று இருக்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டு. உங்கள் கணவரிடமும் தம்பி மனைவியிடமும் அது இல்லையென்று கொண்டால், உங்கள் மகளுக்கும் தம்பி மகனுக்கும் அந்த வாய்ப்பு தலா மூன்றில் ஒன்று. மணமக்கள் இருவரும் பழுதான படி ஒன்றைச் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் கேளாத குழந்தை பிறக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. (முதல் குழந்தை நன்றாகப் பிறந்துவிட்டது என்பதால் அடுத்த குழந்தைக்கு இந்தக் கணக்கு மாறாது.) மணமகளின் மூன்றில் ஒன்று, மணமகனின் மூன்றில் ஒன்று, இந்த நான்கில் ஒன்று ஆகிய மூன்றையும் பெருக்கினால் 36-இல் ஒன்று. பொதுவாக ஆயிரத்தில் ஒன்றிரண்டு குழந்தைகளே கேளாமையுடன் பிறப்பதால், இதைப் புறக்கணிக்கத்தக்கது என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் ஊகத்தை வைத்துக் கல்யாணத்தை நிறுத்தவும் வேண்டாம். கர்ப்பத்தில் அம்மாவுக்கு ருபெல்லா என்னும் ஜெர்மன் தட்டம்மை வந்திருந்தாலோ, பிறந்தவுடன் அண்ணனுக்குக் கடும் மஞ்சள்காமாலை கண்டிருந்தாலோ காரணம் வேறாகலாம். வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். மதுரையில் காது, மூக்கு, தொண்டை மருத்துவர் ஒருவரைப் பார்த்து, அவர் வழியாக மரபியல் ஆலோசகரிடம் செல்லுங்கள். மணமக்களுக்கு முன்னதாக அண்ணனுக்கே மரபணுச் சோதனை செய்ய வேண்டும். எந்த மரபணுவில் எந்தப் பழுது என்று அவரிடம் தெரிந்தால்தான் மற்றவர்களிடம் அதைத் தேட முடியும். மணமக்களில் ஒருவரிடம் அது இல்லையென்றாலும் இந்தக் கவலை பெரும்பாலும் நீங்கிவிடும். எதற்காக இரத்தம் எடுக்கிறார்கள் என்பதை அண்ணனுக்குச் சைகையில் விளக்கி, அவர் சம்மதத்தைக் கேட்ட பிறகே அழைத்துச் செல்லுங்கள்.