17 பாயின்ட்டுக்கு மேல் கவனம் சிதறுகிறதே, ஏன்?

கேள்வி: வயது 44. சேலம் அஸ்தம்பட்டியில் வசிக்கிறேன். வேலை முடிந்து மாலை 7 மணிக்கு இன்டோர் கோர்ட்டில் ஷட்டில் ஆடுகிறேன். முதல் கேம் நன்றாகப் போகும். இரண்டாவதில் 17 பாயின்ட் தாண்டியதும் மனசு எங்கோ போய், சர்வீஸைக்கூட வலையில் அடிக்கிறேன். நரம்புத் தளர்ச்சியா? மாத்திரை வேண்டுமா?

பதில்: மாத்திரை வேண்டாம். முதல் கேமில் இருக்கிற கவனம் இரண்டாவதில் போனால், தண்ணீரையும் சாப்பாட்டையும்தான் முதலில் பார்க்கணும். ஷட்டில் விலகும் என்று கோர்ட்டில் ஃபேன் போடுவதில்லை. பகலெல்லாம் காய்ந்த தகரக் கூரை 7 மணிக்கும் அனல் அடிக்கும். உடல் எடையில் 2 சதவீதம் வியர்வையாகப் போனாலே கவனம் மந்தமாகலாம். ஈர பனியனைக் கழற்றிவிட்டு, ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். 70 கிலோ இருப்பவருக்கு 1.4 கிலோ குறைந்தால் தண்ணீர் போதவில்லை. இரண்டு மணி நேரம் முன்பே அரை லிட்டர் குடியுங்கள். ஆடும்போது 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர். மதியம் 1 மணிக்குச் சாப்பிட்டுவிட்டு வெறும் காபியோடு வராதீர்கள், படபடப்புதான் கூடும். ஐந்தரைக்கு இரண்டு இட்லியோ வாழைப்பழமோ போதும்.

அடுத்தது மனசு. ஒரு மணி நேரம் கவனத்தை இறுக்கிப் பிடிக்க யாராலும் முடியாது. ரேலி, அதாவது ஒரு பாயின்ட்டுக்கான ஆட்டம், முடிந்ததும் விட்டுவிடணும், சர்வீஸுக்கு முன் திரும்ப எடுக்கணும். வலைக்கு முதுகைக் காட்டி, பேட்டை இடது கைக்கு மாற்றி, வலது விரல்களை உதறுங்கள். பேட்டின் நரம்பையே பார்த்தபடி 4 எண்ணி மூச்சை இழுத்து, 6 எண்ணி விடுங்கள். பிறகு சர்வீஸ் எங்கே விழணும் என்பதை மட்டும் முடிவு செய்யுங்கள். "21-க்கு இன்னும் 4 பாயின்ட்தான், கேம் முடிந்துவிடும்" என்று நினைத்த நொடியே பிடி இறுகும். ஷார்ட் சர்வீஸுக்குக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் லேசாகத் தள்ளினால் போதும். முஷ்டியாகப் பிடித்தால் ஷட்டில் வலையில் மோதும், இல்லையென்றால் மேலே எழும்பும். 17-இல் உங்கள் விரல் மூட்டுகளைப் பாருங்கள், வெளுத்திருந்தால் பிடியைத் தளர்த்துங்கள். 11 பாயின்ட்டில் விதிப்படி கிடைக்கும் 60 விநாடி இடைவேளையை அரட்டையில் கழிக்காமல், இரண்டு மடக்கு தண்ணீர் குடியுங்கள்.

ஏற்காட்டில் ஆடும்போது எல்லாமே அவுட்டாகப் போனால் கவனத்தைக் குறை சொல்லாதீர்கள். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்று லேசு. ஷட்டில் தூரம் போகும். அங்கே வேகம் குறைந்த ஷட்டில் வாங்குங்கள்.

ஆபீஸிலும் இதே தடுமாற்றம் இருந்தால் தூக்கத்தைக் கவனித்து, சர்க்கரை, ஹீமோகுளோபின், தைராய்டு பாருங்கள். ஆடும்போது நெஞ்சில் இறுக்கமோ தலைசுற்றலோ வந்தால் உடனே நிறுத்துங்கள். அன்றே டாக்டரைப் பார்த்து ஈசிஜி எடுக்காமல் மறுபடி கோர்ட்டில் இறங்காதீர்கள்.