இங்கிலாந்தின் 1986 எப்சம் டெர்பி குதிரைப் பந்தயத்தில் டான்சிங் பிரேவ் என்ற குதிரை தோற்றது ஜாக்கியின் தவறா?

பெரும்பாலும் ஆமாம், ஆனால் முழுப் பழியையும் அதை ஓட்டிய ஜாக்கி கிரெவில் ஸ்டார்க்கி தலையில் போடுவது நியாயமில்லை. குதிரை ஃபேவரிட் (ஜெயிக்கும் என்று அதிகம் எதிர்பார்க்கப்பட்டது), ஸ்டார்க்கி அதை வெகுவாகப் பின்னால் வைத்து ஓட்டினார், கடைசியில் பாய்ந்து வந்தும் வால்டர் ஸ்வின்பர்ன் ஓட்டிய ஷாரஸ்தானியிடம் அரைக் குதிரை நீளத்தில் தோற்றது.

இங்கே வேகத்தைக் கவனிக்க வேண்டும். முன்னால் ஓடுபவை ஆரம்பத்தில் நிதானமாக ஓடினால் அவற்றுக்குக் கடைசிவரை தெம்பு மிச்சமிருக்கும், அப்போது பின்னாலிருந்து வருகிற குதிரை எவ்வளவு வேகமாக வந்தாலும் இடைவெளியை மூடத் தூரம் போதாது. அதோடு எப்சமில் டாட்டன்ஹாம் வளைவுக்கு இறக்கத்தில் வர வேண்டும், அங்கே குதிரை தடுமாறியது என்று ஸ்டார்க்கிக்காக வாதாடுபவர்கள் சொல்வார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் அவ்வளவு பின்னால் இல்லாமல் இருந்திருந்தால் அந்தத் தடுமாற்றத்தைத் தாங்கியிருக்கலாமே!

பின்னால் வைத்து ஓட்டுவதே தப்பு என்றும் சொல்ல முடியாது. அதே ஆண்டு பிரான்ஸின் லாங்ஷாம்ப் மைதானத்தில் நடந்த ஆர்க் பந்தயத்தில் பாட் எடரி என்ற இன்னொரு ஜாக்கி இதே குதிரையைக் காத்திருக்க வைத்துக் கடைசியில் வெளிப்பக்கமாக விட்டு ஜெயித்தார். ஷாரஸ்தானி அதில் நான்காவது.