ஜபலாவில் சிவப்பு நூல் சாயம் விட்டால்

குழந்தைக்கான வெள்ளை ஜபலாச் சட்டையில் எம்பிராய்டரியாகப் போட்ட சிவப்புப் பூ முதல் சலவையிலேயே சாயம் விட்டு, இதழ் நூலும் தொங்குகிறது என்கிறீர்கள். இரண்டும் வேறு வேறு கோளாறு.

சாயம்: துணியைக் காயவிடாதீர்கள், இஸ்திரியும் வேண்டாம்; சூடு பட்டால் கறை பிடித்துக்கொள்ளும். அகலமான பக்கெட்டில் நிறைய தண்ணீர், கொஞ்சம் சோப்புத் திரவம், துணியை விரித்து முழுக ஊறவிடுங்கள். நீர் சிவந்தால் மாற்றுங்கள், தெளியும்வரை. உப்பு, வினிகர் எல்லாம் வீண் வேலை. அடுத்த முறை நூலை ஈரமாக்கி வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்த பிறகு தையுங்கள்.

தொங்கும் இதழ்: சாட்டின் தையல் (இதழை நிரப்ப நூலை நெருக்கமாக அருகருகே போடுவது) 6 மி.மீ.க்கு மேல் நீண்டால் குழந்தையின் விரலிலும் ஹூக்கிலும் மாட்டி இழுபடும். அகல இதழை நடுவே பிரித்துப் போடுங்கள், அல்லது சங்கிலித் தையலால் நிரப்புங்கள். எம்பிராய்டரி நூலின் ஆறு இழையில் இரண்டைப் பிரித்தெடுத்துத் தைத்தால் போதும். முடிச்சு போடாமல், நுனியைப் பின்பக்கத் தையல்களுக்குள் நாலைந்து முறை நுழைத்து வெட்டுங்கள். முடிச்சு பிஞ்சுத் தோலை உறுத்தும்.

துணியைத் தைக்கும் முன்பே அலசிக் காயவைத்துவிடுங்கள். பிறகு சுருங்கினால் பூவைச் சுற்றிச் சுருக்கம் விழும். பட்டுநூல், ரேயான் நூல் தவிர்த்து பருத்தி நூலே எடுங்கள். மணி, ஜமிக்கி கூடவே கூடாது, பிய்ந்தால் நேரே வாய்க்குத்தான் போகும்.